கருட சேவையில் யதிராஜன் தாடை

போன வருஷக் கருட சேவையில் யதிராஜனின் தாடை கழன்றுகொண்டது. பெருமாளுக்கு முன்னால் போகும் பிரபந்த கோஷ்டியில் பாசுரத்தை எடுத்துக்கொடுப்பவன் அவன். அவன் தொடங்கினால்தான் மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். நெடில் ஒன்றில் ஆவென்று திறந்த வாயை மூடவே முடியவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் தாரையாக வழிந்தது. தெருவில் நின்ற ஜனம், பக்தியில் உருகிப்போனான் என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. ஒரு அம்மாள் காலிலேயே விழுந்துவிட்டாள். கோஷ்டியில் பக்கத்தில் வந்த சிநேகிதன் ஸ்ரீகர்தான் விஷயம் புரிந்து, அவனைக் கூட்டத்திலிருந்து தள்ளிக்கொண்டு போனான். ஆஸ்பத்திரியில் தாடையைத் திரும்பப் பொருத்தி அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் யதிராஜன் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போவதில்லை. முறுக்கைத் தொடுவதில்லை. கொட்டாவி வந்தால் இரண்டு கையாலும் மோவாயைத் தாங்கிக்கொள்வான். சிரிப்பும் உதட்டோடு சரி. இதெல்லாம்கூடப் பெரிதில்லை. இந்த வருஷமும் பாதியில் நின்றால் எடுத்துக்கொடுப்பது வேறொருவருக்குப் போய்விடும் என்று கோஷ்டியில் சொல்லிவிட்டார்கள். அதுதான் அவனைத் தூங்கவிடவில்லை.

சித்திரை பிறந்ததும் மனைவி தாரா அவனைப் பல் டாக்டர் நௌஷீனிடம் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டர் வாயைப் பார்க்குமுன் கையைக் கேட்டார். கட்டைவிரலை மடக்கச் சொன்னார். அது முன்னங்கையில் போய் ஒட்டிக்கொண்டது. கையை நீட்டச் சொன்னார். முழங்கை எதிர்ப்பக்கமாக வளைந்தது. பள்ளிக்கூடத்தில் இந்த வித்தையைக் காட்டித்தான் அவன் பெயர் வாங்கியிருந்தான்.

"உங்களுக்கு மூட்டு எல்லாமே லூசா இருக்குதுங்க. தாடையும் ஒரு மூட்டுதானே?" என்றார் டாக்டர். "அதுக்கு வீட்ல என்னா பண்றீங்க?"

தாடை இறுகிப்போயிருக்கிறது என்று நினைத்து, தினமும் விடியற்காலையில் மூன்று விரலை வாய்க்குள் நிறுத்தி அகட்டிப் பழகுவதாக யதிராஜன் பெருமையோடு சொன்னான். வாய் திறந்தால்தானே குரல் வரும். கோஷ்டியில் எல்லாரும் அப்படித்தான் பழகினார்கள்.

டாக்டர் நெற்றியில் கைவைத்துக்கொண்டார். "அய்யோ சாமி, ஆடிக்கினு இருக்கிற கீலை நீங்களே தினம் இழுத்து வுட்டுக்கினு இருக்கீங்க."

நாக்கு நுனியை மேல் அண்ணத்தில் வைத்து, அது விலகாமல் எவ்வளவு திறக்க முடியுமோ அவ்வளவுதான் இனி அளவு என்று செய்து காட்டினார்.

வெளியே வந்தவனுக்குக் கால் தரையில் பாவவில்லை. விரல் வளைவதும் தாடை நழுவுவதும் ஒரே சமாசாரமா? வழி முழுக்க தாராவிடம் அதையே திருப்பித் திருப்பிச் சொன்னான். வீட்டுக்கு வந்ததும் அளவாக வாய் திறந்து ஒரு பாசுரம் சொல்லிப் பார்த்தான். கொசு ரீங்காரம்போல வந்தது. தாரா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். அவன் விடவில்லை. மூச்சை அடிவயிற்றிலிருந்து இழுத்தான். காலையும் மாலையும் இழுத்தான். ஒருநாள் கொல்லையிலிருந்து அவள் குரல் வந்தது. "ஏன்னா, கெணத்தடி வரைக்கும் கேக்கறது."

வைகாசி விடியலில் கருடன் மேல் பெருமாள் கோபுரத்தைக் கடந்தார். வாணம் வெடித்தது. தெருவில் எள் போட இடமில்லை. கோஷ்டியில் எல்லார் கண்ணும் யதிராஜன் மேல் இருந்தது. தொடங்கினான். அதே நெடில் வந்தது. காதோரம் லேசாகச் சொடுக்கியது. அளவை மீறாமல் மூச்சை மட்டும் நீட்டினான். குரல் மேளத்துக்கு மேலே எழும்பிப் போயிற்று. பின்னால் அத்தனை குரலும் வந்து சேர்ந்துகொண்டன.

ஸ்ரீகர் அவன் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தான். "வாயே தொறக்கலையேடா. எங்கேருந்து வரது இந்தச் சத்தம்?"

யதிராஜனுக்குப் பதில் சொல்ல நேரமில்லை. அடுத்த பாசுரத்தை எடுத்துக்கொடுக்க வேண்டியிருந்தது.