தெல்மிராவின் காலுறை மாட்டிய துப்பாக்கி

பன்றிக்குப் பயந்து மரமேறியவன் என்று ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால், அது கல்லறை வரைக்கும் கூடவே வரும். ரெமிஹியோவுக்கு அந்தப் பெயர் போன மே மாதம் வந்தது.

நடந்தது இவ்வளவுதான். பம்பா என்கிற அந்தப் பரந்த புல்வெளியின் பண்ணைகளில் பாதியை மேய்ந்து தீர்த்த கிழட்டுக் காட்டுப்பன்றி ஒன்று இருந்தது. எந்த வேலியானாலும் புகுந்து தன் பங்கை எடுத்துப் போவதால் ஊரார் அதை 'வசூல்காரர்' என்று மரியாதையாகவே அழைத்தார்கள். ரெமிஹியோ அதன் மேல் ஒரு குண்டு விட்டான். உரசிக்கொண்டு போனது. அடுத்த தோட்டாவுக்காக, துப்பாக்கியின் பக்கவாட்டில் இருக்கும் போல்ட் என்கிற இழுப்புப் பிடியைப் பின்னால் இழுத்தான். சுட்ட தோட்டாவின் காலி உறை வெளியே விழாமல் தோட்டா போடும் வாயிலேயே குறுக்கே படுத்துக்கொண்டது. புதுத் தோட்டா உள்ளே போக வழியில்லை. வசூல்காரர் திரும்பிப் பார்த்தார். அறுபதைத் தாண்டிய ரெமிஹியோ கால்தேன் மரத்தின் மேல் எப்படிப் போனான் என்பது அவனுக்கே தெரியாது. முள்மரம் வேறு.

அன்றிலிருந்து கடைத்தெருவுக்குப் போக முடியவில்லை. "என்ன ரெமிஹியோ, மேல இருந்து பாத்தா எங்க வீட்டுக் கூரை தெரிஞ்சுதா? ஓடு ஏதாச்சும் போயிருக்கா?" என்று கேட்பார்கள்.

இப்போது ஆடுகள் குட்டி போடும் காலம். ஒரே வாரத்தில் இரண்டு குட்டிகளைக் காணோம். தெல்மிரா கணவனுக்குக் கெடு வைத்துவிட்டாள்.

"கிழவா, ஞாயித்துக்கிழமை வரைக்கும்தான் பாப்பேன். அதுக்குள்ள முடிக்கலன்னா என் தம்பிகிட்ட சொல்லிடுவேன்."

தம்பி என்றால் ஒவிதியோ. பளபளக்கும் புதுத் துப்பாக்கியும், அதன் மேல் ஒரு தூரக்கண்ணாடியும், ஓயாத வாயும் உள்ளவன். வசூல்காரரின் தலையை மாட்டுவதற்கு வீட்டுச் சுவரில் ஏற்கெனவே ஆணி அடித்து வைத்திருந்தான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அந்தத் தலைக்குக் கீழே உட்கார்ந்து சாப்பிட வேண்டியவன் ரெமிஹியோதான். அதை நினைத்தாலே அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை துப்பாக்கியைச் சமையலறை மேசையில் பிரித்துப் போட்டான். ராணுவம் கழித்துக் கட்டிய பழைய மவுசர் அது, அவன் அப்பா வாங்கியது. தோட்டா உட்காரும் குழியை மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்தான். உறையின் விளிம்பைக் கவ்வி இழுக்கும் கொக்கியை, தெல்மிராவின் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஆராய்ந்தான். தேய்மானம் இல்லை. போல்ட் கடைசி வரை பின்னால் வரும்போது உறையின் பின்புறத்தை இடித்து வெளியே எறிகிற இரும்பு நாக்கு ஒன்று உண்டு. அதையும் கழற்றித் துடைத்தான். அதன் சுருள்வில்லை மாற்றப் போனபோது வில் துள்ளி எங்கோ பறந்தது. அரை மணி நேரம் கழித்து அது தெல்மிராவின் நூடுல்ஸ் மாவுக்குள் கிடைத்தது. அந்த அரை மணி நேரம் அவள் பேசியதை இங்கே எழுதுவதற்கில்லை.

எல்லாவற்றையும் பூட்டி, காலி உறை ஒன்றைப் போட்டு இழுத்துப் பார்த்தான். உறை நிதானமாக வந்து, விருந்துக்கு வந்த சோம்பேறி மாப்பிள்ளை போல நடுவில் சாய்ந்துகொண்டது. மறுபடி இழுத்தான். மறுபடியும் அதே கதை.

"மேசையக் காலி பண்றியா இல்லையா? மாவு காயுது!"

"இரு கிழவி, இன்னும் ஒரே ஒரு தடவ."

"குடு அந்தச் சனியன!"

தெல்மிரா அடுப்புக் கதவைச் சாத்தினால் நெடுஞ்சாலையில் போகிற லாரிக்காரன் திரும்பிப் பார்ப்பான். அதே கையால் போல்ட்டைப் பிடித்து இழுத்தாள். உறை ரெமிஹியோவின் காதை உரசிக்கொண்டு பறந்து, சுவரில் இருந்த புனித அந்தோணியார் படத்தில் பட்டு, சூப் சட்டிக்குள் விழுந்தது.

இரண்டு பேரும் சட்டியைப் பார்த்தார்கள்.

"இன்னொரு தடவ இழு," என்றான் ரெமிஹியோ.

அவள் இழுத்தாள், உறை பறந்தது. அவன் இழுத்தான், உறை படுத்தது. தெல்மிரா இப்போது துப்பாக்கியை விட்டுவிட்டு அவன் கையை மட்டும் கவனித்தாள்.

"யோவ், நீ இழுக்கவே இல்லையே! தூங்குற குழந்த மேலருந்து போர்வைய எடுக்கிற மாதிரில்ல எடுக்கிற. கடைசியில வந்து கை நின்னுடுது."

"வேகமா இழுத்தா உறை புல்லுல விழுந்துருமே!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவனுக்கே உறைத்தது. அந்த அளவு உறை இப்போதெல்லாம் கடையில் கிடைப்பதில்லை. சுட்ட உறையில் அவனே மருந்தும் குண்டும் அடைத்து, அது விரிசல் விடும்வரை திரும்பத் திரும்பப் பயன்படுத்துவான். பம்பாவின் புல்லில் ஒன்று விழுந்தால் போனது போனதுதான். அதனால் சுட்டதும் மெதுவாக இழுத்து, இரண்டு விரலால் உறையை எடுத்து, சட்டைப் பையில் போட்டுக்கொள்வான். வருஷக்கணக்காக இதே பழக்கம். துப்பாக்கிக்கு ஒரு நோயும் இல்லை. கஞ்சத்தனம் கையில் ஊறிப்போயிருந்தது.

நோய் தெரிந்தால் போதுமா? சனிக்கிழமை முழுக்கப் பழகிப் பார்த்தான். வேகமாக இழுக்க நினைப்பான், கடைசி நொடியில் கை பதறி நின்றுவிடும். மதியம் தெல்மிரா பொறுமை இழந்து, தன் பழைய நைலான் காலுறை ஒன்றை எடுத்து வந்தாள். கம்பியை வளையமாக வளைத்து, அதில் காலுறையின் வாயைத் தைத்து, துப்பாக்கியின் வலப்பக்கம் கட்டினாள்.

"இப்ப இழு. ஒண்ணும் புல்லுல போகாது. எல்லாம் இதுக்குள்ளதான் விழும்."

ரெமிஹியோ இழுத்தான். சடக்! உறை நேராகக் காலுறைக்குள் போய்த் தொங்கியது. அவன் குழந்தை போலச் சிரித்துவிட்டான்.

அந்த நேரம் பார்த்து, ஞாயிறு விருந்துக்கு ஒரு நாள் முன்னதாகவே ஒவிதியோ வந்து இறங்கினான். துப்பாக்கியைப் பார்த்தான், காலுறையைப் பார்த்தான்.

"என்ன மச்சான், துப்பாக்கிக்குக் குளிருதா? இன்னொரு காலுக்கும் மாட்டி விடலியா?"

"நீ போய் அடுப்பு மூட்டுடா," என்றாள் அக்கா.

பொழுது சாய்கிற நேரத்தில் கணவனும் மனைவியும் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் புதர் மறைவில் உட்கார்ந்தார்கள். அவன் கையைக் கண்காணிக்க வேண்டும் என்று அவளும் பிடிவாதமாக வந்திருந்தாள். அவன் வலது முழங்கையை ஒட்டி, கீழே குந்தியிருந்தாள். வசூல்காரர் அவசரமில்லாமல் வந்தார். ரெமிஹியோ சுட்டான். குண்டு பன்றியின் முதுகு மயிரைச் சீவிக்கொண்டு தொட்டியில் பட்டது. பன்றி தலையைத் தாழ்த்தி, நேராக அவர்களை நோக்கி ஓடிவந்தது. மே மாதத்தில் வந்த அதே வேகம். பின்னால் ஒரு கால்தேன் மரம்கூட இருந்தது.

சடக்! போல்ட் கடைசி வரை போய்த் திரும்பியது. இரண்டாவது குண்டில் வசூல்காரர் முன்னங்கால் மடங்கி, அவர்களுக்கு நாலு எட்டுக்கு அந்தப் பக்கம் விழுந்தார். பிறகு அசையவில்லை.

ரெமிஹியோ பன்றியைப் பார்க்கவில்லை. முதல் வேலையாகக் காலுறைக்குள் கையை விட்டான். விரல்கள் மறுபக்கம் வெளியே வந்தன. சூடான பித்தளை நைலானைப் பொசுக்கி ஓட்டை போட்டிருந்தது.

"போச்சு! கிழவி, முதல் உறை போச்சு!"

தெல்மிரா பல்லைக் கடித்தபடி சட்டைக் கழுத்துக்குள் கையை விட்டு, எதையோ துழாவி எடுத்து நீட்டினாள். ஓட்டை வழியாக விழுந்த அந்த உறைதான். கழுத்துக்குக் கீழே தோல் சிவந்து, விரல் நீளத்துக்குக் கொப்புளம் கிளம்பிக்கொண்டிருந்தது.

"சுட்டுச்சா?"

"பின்ன குளுகுளுன்னா இருந்துச்சு?"

"கத்தியிருக்கலாமே!"

"கத்துனா நீ திரும்பிப் பாப்ப. திரும்பிப் பாத்தா அது நம்ம ரெண்டு பேரையும் முடிச்சிருக்கும். அதான் வாய மூடிட்டு இருந்தேன்."

ரெமிஹியோ அவள் கழுத்தைப் பார்த்தான், கையில் இருந்த உறையைப் பார்த்தான். இத்தனை வருஷக் குடித்தனத்தில் அவளை இவ்வளவு பிடித்த ஒரு நிமிஷம் அவனுக்கு ஞாபகமில்லை. வாழ்க்கையில் முதல்முறையாக, அந்த உறையைக் கையை வீசிப் புல்லுக்குள் தூக்கி எறிந்தான்.

"அட கிறுக்கா!" தெல்மிரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "அதோட சூட்டத் தாங்கினது இதுக்காகவாடா! போ, தேடு!"

வெடிச் சத்தம் கேட்டு ஒவிதியோ வண்டியை ஓட்டிக்கொண்டு வந்தான். விளக்கு வெளிச்சத்தில் வசூல்காரர் மலையாகக் கிடந்தார். பக்கத்தில் அக்காவும் மச்சானும் கைகளையும் முழங்கால்களையும் ஊன்றிப் புல்லைத் தடவிக்கொண்டிருந்தார்கள்.

"பன்னி இங்கதான கிடக்கு! நீங்க ரெண்டு பேரும் அங்க என்னத்தத் தேடுறீங்க?"

"வாய மூடிட்டு வண்டிய இந்தப் பக்கம் திருப்பு மச்சான்," என்றான் ரெமிஹியோ, தலையைத் தூக்காமல். "வெளிச்சம் பத்தல."