‘காணவில்லை’ என்று எழுதும் முறை

1

கண்ணாடிக்கடைக்காரர் ஞாயிறுதோறும் மாலையில் முகம் கழுவி, சாப்பாட்டு மேசையைத் துடைத்து, சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு உட்காருவார். அன்று கண்டெடுத்த பெட்டியைப் பற்றிய குறிப்பை முதலில் வெள்ளைத்தாளில் எழுதுவார், அடித்துத் திருத்துவார், வாய்விட்டு ஒருமுறை வாசித்துப் பார்ப்பார். அதன் பிறகே கைபேசியில் ஏற்றுவார். அதுவரை வீட்டில் எவரும் தொலைக்காட்சியைச் சத்தமாக வைக்கக் கூடாது.

இந்தக் கதை எனக்குக் கிடைத்த விதத்தை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பல் மருத்துவர் ஒருவரின் நாற்காலியில் வாயைப் பிளந்தபடி நான் கிடந்தபோது, அவரே சொன்னது இது. வாய் நிறையப் பஞ்சு. “பிறகு?” என்று கேட்க வழியில்லை, “அப்படியா!” என்று வியக்கவும் வழியில்லை. ஆகவே எங்கெல்லாம் நான் கேள்வி கேட்டிருக்க வேண்டுமோ, அங்கெல்லாம் இப்போது கற்பனையை வைத்து நிரப்புகிறேன். ஓட்டையை அடைப்பது அவர் தொழில் மட்டுமன்று.

2

நான் முதலில் எழுதிய தொடக்கம் இது:

‘ஒரு வனத்தில் கழுகு ஒன்றும், நத்தை ஒன்றும், முள்ளம்பன்றி ஒன்றும் நட்பாக வாழ்ந்து வந்தன. ஒருநாள் கழுகானது—’

இதற்கு மேல் ஓடவில்லை. விலங்குகளை வைத்துக் கதை சொல்வதில் எனக்கு ஆசை அதிகம். ஆனால் இந்தக் கழுகுக்குக் கைபேசி தேவைப்படுகிறது. நத்தை பேருந்து ஓட்டுகிறாள். முள்ளம்பன்றி பல் பிடுங்குகிறார். வனம் தாங்காது. இவை மூன்றும் ஒரு பொழுதுபோக்குக் குழுவில் அவரவர் தமக்குச் சூட்டிக்கொண்ட பட்டப்பெயர்கள். கழுகு, நம் கண்ணாடிக்கடைக்காரர். நத்தை, அவருடைய மனைவியின் தங்கை. முள்ளம்பன்றி, எனக்குக் கதை சொன்ன பல் மருத்துவர்.

பொழுதுபோக்கின் பெயர் ஜியோகேச்சிங். அதை விளக்கி ஒரு முழுப் பத்தி எழுதினேன். படித்துப் பார்த்தால் வினாத்தாள் வாடை அடித்தது. கேள்வி கேட்டு விளக்கம் வாங்கும் பொறுப்பைக் கண்ணாடிக்கடைக்காரரின் மனைவியிடம் ஒப்படைக்கிறேன்.

“யாரோ ஒருத்தர் ஒரு பெட்டிய ஒளிச்சு வெப்பாங்க. அது இருக்கிற இடத்தோட எண்கள் கைபேசியில வரும். நாம தேடிக் கண்டுபிடிக்கணும். அவ்வளவுதான்,” என்றார் கணவர்.

“பெட்டிக்குள்ள என்ன இருக்கும்?”

“ஒரு தாள்.”

“தாள்ல?”

“நமக்கு முன்னாடி வந்தவங்க பேரு. நாமளும் பேர எழுதிட்டு, எடுத்த இடத்துலயே வெச்சிட்டு வந்துடணும்.”

“எடுத்துக்கிட்டு வரக் கூடாதா?”

“கூடவே கூடாது.”

மனைவி கேட்டாள்: “இதுக்கா ஞாயித்துக்கிழமை பூரா அலையறீங்க? பேர எழுதணும்னா வீட்டுச் சுவருலயே எழுதிட்டுப் போங்களேன், நான் திட்ட மாட்டேன்.”

(சுவரில் எழுதினால் அவள் கட்டாயம் திட்டுவாள். இது கணவன்மார்கள் அனைவரும் அறிந்தது.)

3

கண்டால் குழுவின் இணையப் பக்கத்தில் நம் பெயருக்கு நேரே மஞ்சள் சிரிப்பு முகம் ஒன்று தோன்றும். தேடியும் கிடைக்காமல் ‘காணவில்லை’ என்று எழுதினால் நீலச் சோக முகம். கழுகின் பக்கம் முழுவதும் மஞ்சள். ஒரு நீலம்கூட இல்லை.

குழுவில் புதிதாகச் சேர்வோருக்கான நெறிமுறைகளை எழுதித் தந்தவரும் அவரே. தாளில் பெயர் எழுதிய பின்னரே ‘கண்டேன்’ என்று பதிய வேண்டும். பெட்டி எப்படி இருந்தது, எங்கே ஒளிந்திருந்தது என்று எழுதி அடுத்தவரின் இன்பத்தைக் கெடுக்கலாகாது. ‘கண்டேன், நன்றி’ என்று ஒற்றை வரியில் முடிப்பது, விருந்துண்டவர் ஏப்பம் மட்டும் விட்டுவிட்டுப் போவதற்கு ஒப்பாகும். கிடைக்காவிட்டால் வெட்கப்படாமல் ‘காணவில்லை’ என்று எழுதுக.*

* இந்தக் கடைசி நெறியின் கீழ் மட்டும் அவர் இரண்டு கோடுகள் போட்டிருந்தாராம். பிறருக்குச் சொல்லும்போது நமக்கு எப்போதும் கை அழுத்தமாகவே விழும்.

மைத்துனிக்கு இந்நெறிகளைக் கற்பித்தவரும் அவர்தான். அவள் அவற்றை அப்படியே பிடித்துக்கொண்டாள். அவளுடைய பக்கத்தில் மஞ்சளும் நீலமும் மாறி மாறி வரும். நீலம் சற்றுத் தூக்கல். “ஓட்டற பஸ்ஸும் லேட்டு, தேடற பெட்டியும் லேட்டு. அதான் நத்தை,” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். வாரம் முழுதும் பயணிகளின் முணுமுணுப்பைக் கேட்டவளுக்கு, ஞாயிற்றுக்கிழமையில் அத்தானோடு புதர்களை விலக்கிக்கொண்டு திரிவதுதான் ஒரே திருவிழா.

4

(இங்கே எனக்கு ஒரு சந்தேகம். மூக்குக்கண்ணாடி விற்பவருக்குக் கண்ணெதிரே இருக்கும் பொருள் தெரியவில்லை என்று எழுதப்போகிறேன். ‘கதைக்காகச் செய்த ஆள்’ என்று நீங்கள் முகம் சுளிப்பீர்கள். அவரைக் கடிகாரம் பழுதுபார்ப்பவராக மாற்றி எழுதிப் பார்த்தேன். அந்த மனிதர் இரண்டாவது பத்தியிலேயே பெட்டியைக் கண்டுபிடித்துவிட்டார்; கதை நின்றுபோயிற்று. எனவே கண்ணாடிக்கடைக்காரர் அப்படியே இருக்கட்டும்.)

பல் மருத்துவர் கால்வாயின் மேலுள்ள இரும்பு நடைபாலத்தில் ஒரு பெட்டி வைத்தார். பாலம் முழுக்க மரையாணிகள். அவற்றுள் ஒன்று போலி. உள்ளே குடைந்து, அடியில் காந்தம் வைத்து, சுருட்டிய தாளைச் செருகியிருந்தார்.

கழுகு அந்தப் பாலத்தைப் பல மாலைகள் வட்டமிட்டார். கைப்பிடியைத் தடவினார். பலகைகளுக்கு அடியில் கைவிட்டார். நடைப்பயிற்சிக்கு வந்தவர்கள் பார்த்தபோது செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிந்தார். ஆணிகளையும் பார்த்தார், ஆணிகளாகவே பார்த்தார்.

வீடு திரும்பி ‘காணவில்லை’ என்ற பொத்தான் மீது விரலை வைத்தார். மஞ்சள் வரிசையின் நடுவே ஒரு நீலம். விரல் இறங்கவில்லை. ‘பெட்டி தொலைந்துதான் போயிருக்க வேண்டும். மருத்துவருக்கு ஓய்வேது? நாமே ஒரு மாற்றுப்பெட்டி வைத்துவிட்டால் அவருக்கும் உதவி’ என்று நினைத்தார். தவறு செய்யப் புறப்படும்போது நம்மில் பலர் உதவி என்ற சட்டையைத்தான் மாட்டிக்கொள்கிறோம். மாத்திரைக் குப்பி ஒன்றில் தாளைச் சுருட்டி, தம் பட்டப்பெயரை முதலில் எழுதி, பாலத்தின் கைப்பிடிக்கு அடியில் ஒட்டினார். அன்றைய குறிப்பு அருமையாக அமைந்ததாம். அந்தி வெயில், அலை, நன்றி எல்லாம் இருந்தன. பெட்டி ஒன்றுதான் இல்லை.

5

இந்தப் பகுதியில் கால்வாயின் அழகைப் பற்றி எழுதியிருந்தேன். நீக்கிவிட்டேன். கேட்காமல் நீக்குவது எவ்வளவு எளிது என்று அப்போதுதான் தெரிந்தது.

6

அடுத்த வாரம் அத்தானுக்குக் கடையில் வேலை. நத்தை தனியாகப் பாலத்துக்குப் போனாள், குப்பியைக் கண்டாள், பெயர் எழுதினாள். யார் துணையுமின்றி அவள் கண்ட முதல் பெட்டி அது. வழக்கத்துக்கு மாறாக நீண்ட குறிப்பு ஒன்று எழுதினாள். பாலத்தில் நின்று கத்தியதையும், கீழே படகில் போனவர் பயந்து துடுப்பை நழுவவிட்டதையும் எழுதினாள். பெட்டி எப்படி இருந்தது என்பதை மட்டும் எழுதவில்லை. நெறிமுறை அப்படி.

குப்பி என்று ஒரு சொல் எழுதியிருந்தால் மருத்துவருக்கு அப்போதே விளங்கியிருக்கும். அவளுடைய நாகரிகமே அவளுக்கு எதிர்ச்சாட்சி ஆயிற்று.

மருத்துவர் பாலத்துக்குப் போய்த் தம் ஆணியைத் திறந்து தாளைப் பார்த்தார். நத்தையின் பெயர் இல்லை. திரும்பி வந்து, பெட்டி வைத்தவர் என்ற உரிமையில், அவள் குறிப்பைப் பல்லைப் பிடுங்குவது போலப் பிடுங்கி எறிந்தார். அந்த இடத்தில், ‘வீட்டில் உட்கார்ந்துகொண்டே கண்டதாக எழுதுவோர்க்கு இக்குழுவில் இடமில்லை’ என்று எல்லோரும் காண எழுதினார்.

பிறகு கண்ணாடிக்கடைக்குத் தொலைபேசினார். “சார், உங்க பேரும் தாள்ல இல்ல. பேனா மறந்துட்டுப் போயிருப்பீங்க. உங்களத் தெரியாதா எனக்கு?”

கண்ணாடிக்கடைக்காரரின் சட்டைப்பையில் பேனா இருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே, “ஆமா டாக்டர்... பேனா...” என்றார்.

இந்த இடத்தில் என் எழுதுகோல் சற்று நேரம் நின்றது. குப்பி வைத்ததைக்கூட மன்னித்துவிடலாம். இருவர் பெயருமே இல்லாதபோது ஒருவருக்கு மறதியும் மற்றவருக்குப் பொய்யும் பங்கு பிரிக்கப்பட்டன. அவர் தம் பங்கை வாங்கிக்கொண்டார்.

7

அன்று மாலை மைத்துனி சீருடையோடு வீட்டுக்கு வந்தாள். உட்காரவில்லை.

“அத்தான், நான் பொய் சொல்ற ஆளா?”

“சேச்சே, யாரும்மா அப்படிச் சொன்னா?”

“ஊரே படிக்குது. ஏன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா நான் எல்லாத்தையும் சொல்லியிருப்பேன். கேக்கல. அழிச்சிட்டார். இனிமே ஞாயித்துக்கிழமை நான் வரல. குழுவிலேருந்தும் போயிடறேன். நீங்க சொல்லிக் குடுத்தபடிதான் செஞ்சேன், அத்தான். அதான் வலிக்குது.”

அவள் போன பிறகு அவர் செய்தவை மூன்று. மருத்துவருக்குப் பரிந்துரை எழுதினார்; ‘பெயர் இல்லையே’ என்று பதில் வந்தது. உண்மையான பெட்டியைக் கண்டுபிடித்து அதில் அவள் பெயரைத் தாமே எழுதிவிடலாம் என்று பாலத்துக்கு ஓடினார். கள்ளக் கையெழுத்துப் போடவும் முதலில் பெட்டி கிடைக்க வேண்டுமே! கிடைக்கவில்லை. இறுதியில் குப்பியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வந்து, மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

மனைவி துவைத்த துணியை மடித்துக்கொண்டே கேட்டாள். மடித்து முடித்த பின் சொன்னாள்:

“உங்க மஞ்ச மூஞ்சியெல்லாம் வரிசையா இருக்கணும்னு என் தங்கச்சி மூஞ்சிய நீலமாக்கிட்டீங்க.”

“நான் வேணும்னு—”

“என்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? நான் என்ன பஸ்ஸா ஓட்டறேன்?”

8

முடிவுகள் சிலவற்றை எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில் மருத்துவர் தாமாகவே குப்பியைக் கண்டுபிடிக்கிறார். நல்ல திருப்பம்தான், ஆனால் பிடிபட்டவன் வருந்துவதில் சுவை இல்லை. இன்னொன்றில் கண்ணாடிக்கடைக்காரர் இரவோடிரவாகக் குழுவை விட்டு— வேண்டாம். ஓடுகிறவரைத் துரத்திக்கொண்டு போக எனக்கு மூட்டுவலி. வேறொன்றில், ‘இதனால் அறியப்படும் நீதி யாதெனில்’ என்று தொடங்கியும்விட்டேன். பழக்கதோஷம். அடித்துவிட்டேன்.

எஞ்சியது இதுதான். மறுநாள் அவர் அவளுடைய பேருந்தில் ஏறினார். ‘வாகனம் ஓடும்போது ஓட்டுநருடன் பேசாதீர்’ என்ற பலகைக்கு நேர் கீழே இருந்த இருக்கையில் உட்கார்ந்தார். நெறிமுறை எழுதியவர் அல்லவா, பேசவில்லை. அவள் கண்ணாடியில் ஒருமுறை பார்த்தாள், பிறகு பார்க்கவில்லை. நிறுத்தங்கள் வந்தன, போயின. ஒவ்வொன்றிலும் அவருக்கு இறங்கிவிடத் தோன்றியது. கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பின்னும் அவர் உட்கார்ந்திருந்தார்.

“இறங்குங்க, அத்தான். கடைசி ஸ்டாப்பு.”

அவர் இறங்கி, படிக்கட்டின் கீழ் நின்று, குப்பியை நீட்டினார். அவள் திறந்து பார்த்தாள். முதலில் அவர் பெயர். அதன் கீழே அவளுடையது.

“இத எதுக்கு எடுத்துட்டு வந்தீங்க? எடுக்கக் கூடாதுன்னு நீங்கதானே...”

“அது டாக்டர் வெச்சதில்லம்மா. நான் வெச்சது. எனக்கு அது கிடைக்கவே இல்ல.”

அவளுக்குப் புரியச் சிறிது நேரம் பிடித்தது. புரிந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“டாக்டர் போன் பண்ணாரு. என் பேரும் இல்லன்னாரு. பேனா மறந்துட்டேன்னு சொன்னேன்,” என்றார் அவர். இதைச் சொல்லாமல் விட்டிருந்தாலும் யாருக்கும் தெரிந்திராது.

“பேனாவா? நீங்களா?” என்றாள். குரலில் சிரிப்பும் இல்லை, அழுகையும் இல்லை.

அவர் கைபேசியை எடுத்தார். இம்முறை வெள்ளைத்தாள் இல்லை, திருத்தம் இல்லை. அங்கேயே நின்று தட்டினார்:

‘நான் இப்பெட்டியைக் காணவில்லை. பலமுறை தேடியும் காணவில்லை. என் குப்பி ஒன்றை அங்கு ஒட்டிவிட்டுக் கண்டதாக எழுதினேன். நத்தை பெயர் எழுதியது அந்தக் குப்பியில். அவர் அங்கே போனது உண்மை, எழுதியது உண்மை. என் பெயர் தாளில் இல்லாததற்கு நான் சொன்ன காரணம் பொய். நீக்க வேண்டியது என் குறிப்பைத்தான். நானே நீக்கிவிட்டேன்.’

அவளிடம் காட்டினார். “சரியா இருக்காம்மா?”

“என்னக் கேக்காதீங்க. அனுப்பறதும் அனுப்பாததும் உங்க இஷ்டம்.”

அவர் அனுப்பினார். பக்கத்தில் நீல முகம் ஒன்று தோன்றியது. வண்டி திரும்பிப் புறப்படும் நேரமாயிற்று. அவள் இருக்கையில் ஏறி அமர்ந்தாள். விதிப்படி கதவு மூடிக்கொண்டது. அவர் வெளியே நின்றார். வீடு வெகுதூரம், அடுத்த பேருந்துக்கு நேரமாகும்.

கதவைத் திறக்கும் பொத்தான் அவள் கைக்கு அருகில்தான் இருக்கிறது. அதை அவள் அழுத்தினாள் என்று ஒரு வாக்கியம் எழுதினேன். அழுத்தவில்லை என்று இன்னொன்றும் எழுதினேன். இரண்டும் நன்றாகவே இருந்தன. ஆனால் அவளைக் கேளாமல் ஏற்கெனவே ஒருவர் அவள் சொல்லை நீக்கினார். இன்னொருவர் உண்மையை மறைத்து அவள் வாயை அடைத்தார். அவளுக்காகப் பேசும் மூன்றாமவனாக நான் இருக்க விரும்பவில்லை. வாசகரே, உங்கள் வீட்டிலும் மைத்துனிகள் இருப்பார்கள், அத்தான்களும் இருப்பார்கள். உங்களுக்குத் தெரியும்.

வண்டி இன்னும் நகரவில்லை.