நாற்பத்து மூன்றாம் பக்கம்

வெள்ளிக்கிழமை காலை பத்து நாற்பது. ஹாங்காங், ஷுங் வான், பதினேழாவது மாடி.

ஆஸ்மண்ட் சியூ அறுபத்திரண்டு பக்க அறிக்கையைத் தூக்கி லாய்ஃபோங்கின் மேஜையில் போட்டார். முதல் பக்கம் மட்டும் லேசாகக் கசங்கியிருந்தது. மிச்ச அறுபத்தொன்றும் இஸ்திரி போட்ட மாதிரி இருந்தன.

"இந்த வாரம் இதுதான் நம்பர் ஒன். 'இருமுறை படித்தேன்'னு என் பேர்ல ஒரு வரி போட்டுடு."

"ஆசியச் சந்தை: இந்த வாரம் படிக்க வேண்டிய ஏழு." ஆறு வருடமாக ஒவ்வொரு வெள்ளியும் பதினோரு மணிக்கு நானூறு முதலீட்டாளர்களுக்குப் போகும் மின்னஞ்சல். மேலே ஆஸ்மண்டின் போட்டோ, கீழே ஆஸ்மண்டின் கையெழுத்து. நடுவில் இருப்பதெல்லாம் லாய்ஃபோங். வாரத்துக்கு அறுபது அறிக்கை படிப்பாள். அதில் ஏழு மட்டும் பொறுக்குவாள். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரிக் குறிப்பு எழுதுவாள். அவள் பெயர் எங்கேயும் இருக்காது. ஆஸ்மண்ட் கடைசியாக முழுசாகப் படித்தது தன் கிளப்பின் உணவுப் பட்டியலாகத்தான் இருக்கும்.

"சார், இது இந்தோனேசிய இறால் கம்பெனி. கடைசி வரைக்கும் படிச்சீங்களா?"

"எதுக்கு? முதல் பக்கத்துலயே 'வாங்கலாம்'னு பச்சைக் கலர்ல போட்டிருக்கான்."

"அது அவன் முதலாளி போடச் சொன்னது. பாவம், எழுதினவன் நிஜத்தை நாற்பத்து மூணாம் பக்கத்துல ஒளிச்சு வச்சிருக்கான். எட்டு குளிர்பதனக் கிடங்குன்னு கம்பெனி சொல்லுது. இவன் நேர்ல போய்ப் பார்த்திருக்கான். அஞ்சு இடத்துல கிடங்கே இல்ல. ஒண்ணு வெறும் வயல். ஒண்ணு கரோக்கி பார்."

இந்தத் தொழிலில் அதுதான் வழக்கம். முதல் பக்கம் முதலாளிக்கு, பின்பக்கம் மனசாட்சிக்கு. அதனால்தான் லாய்ஃபோங் எதையும் பின்னாலிருந்தே படிப்பாள்.

ஆஸ்மண்ட் கொட்டாவி விட்டார். "ஃபோங், ஏஐ மெஷின்கிட்ட குடுத்தேன். அறுபத்திரண்டு பக்கத்தையும் நாலு வரியில சுருக்கிக் குடுத்துடுச்சு. 'மிக நன்று'ன்னு சொல்லுது. நீ என்னடான்னா கரோக்கிங்கற. திங்கள்லேருந்து பட்டியலையும் மெஷினே போட்டுடும். நீ கீழே பழைய ஃபைல் ரூமுக்குப் போயிடு."

ஆக, இதுதான் அவளுடைய கடைசிப் பட்டியல். ஆறு வருட வேலைக்குக் கிடைத்த இடம், ஜன்னலில்லாத ஃபைல் ரூம்.

"குவான் மேடம் இன்னிக்கு மத்தியானம் இதே இறால் கம்பெனியில பணம் போடக் கையெழுத்துப் போடறாங்க. அதனால நம்பர் ஒன் இதுதான். பேச்சு முடிஞ்சுது."

லாய்ஃபோங் உட்கார்ந்தாள். 'இருமுறை படித்தேன்' என்று அவர் சொன்னபடியே போட்டாள். அதன் கீழே தன் மூன்று வரியை நேர்மையாக எழுதினாள். முதல் வரி: "நாற்பத்து மூன்றாம் பக்கத்தை முதலில் படியுங்கள், அதன் பிறகும் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள்."

ஆஸ்மண்டின் பார்வைக்கு அனுப்பினாள். மூன்றாவது நொடியில் பதில் வந்தது: "பிரமாதம். அனுப்பு."

தன் பெயரில் போவதைக்கூடப் படிக்காத மனிதர். அனுப்பினாள்.

மத்தியானம் ஒரு மணி. டீஹவுஸின் வட்ட மேஜை. குவான் மேடத்துக்கு எழுபத்து நாலு வயது. ஜிப் தயாரிக்கும் மூன்று தொழிற்சாலைகளைத் தனி ஆளாகக் கட்டியவர். அவருக்கு இரண்டு பக்கமும் வில்ஃப்ரெட், சோய் என்று இரண்டு ஃபண்டு மேனேஜர்கள். ஆஸ்மண்ட் தலையாட்டினால் ஆட்டுவதற்கென்றே வளர்க்கப்பட்ட தலைகள். பேப்பர்களைச் சுமந்து வந்த லாய்ஃபோங்குக்கு ஓரத்து நாற்காலி.

மூங்கில் தட்டில் இறால் கொழுக்கட்டை வந்தது. மேடம் டீ ஊற்றினார். மூன்று ஆண்களும் இரண்டு விரலால் மேஜையைத் தட்டி நன்றி சொன்னார்கள்.

"ஆஸ்மண்ட், உங்க பட்டியல் பார்த்தேன்," என்றார் மேடம். "நாற்பத்து மூணாம் பக்கத்தை முதல்ல படிக்கச் சொல்லியிருந்தீங்க."

ஆஸ்மண்டுக்கு அப்படி ஒரு வரி இருப்பதே தெரியாது. ஆனால் முகத்தில் ஒரு சுருக்கம் விழவேண்டுமே!

"ஆகா, அந்தப் பக்கம்! அதுக்காகத்தான் மேடம் முதலிடமே குடுத்தேன்."

"உங்களுக்குப் பிடிச்சுதா?"

"பிடிச்சுதாவா? அதைப் படிச்சதும் இன்னும் நாலு மடங்கு வாங்கலாம்னு தோணிச்சு!"

"நானும் படிச்சேன். கண்ணு கலங்கிடுச்சு," என்றார் வில்ஃப்ரெட்.

"அந்த கிராஃப் இருக்கே..." என்றார் சோய்.

நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் கிராஃப் எதுவும் கிடையாது.

மேடம் ஒரு கொழுக்கட்டையைக் குச்சியால் எடுத்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எனக்கு ஒரே ஒரு சந்தேகம். ஒரு கரோக்கி பாருக்குள்ள எத்தனை டன் இறாலை உறைய வைக்கலாம்?"

மூன்று வாய்களும் மெல்லுவதை நிறுத்தின.

"வயல்ல எத்தனை டன்? மூணு பேரும் படிச்சிருக்கீங்களே, யாராவது ஒருத்தர் சொல்லுங்க."

வில்ஃப்ரெட் டீக்கோப்பைக்குள் எதையோ தேட ஆரம்பித்தார். சோய்க்கு அவசரமாகப் போன் வந்தது. மணி மட்டும் அடிக்கவில்லை.

"அந்த வரியை எழுதினது யாரு?" என்றார் மேடம். "நீங்களா இருந்தா, உள்ளே என்ன இருக்குன்னு தெரியாமலே என்னைப் படிக்கச் சொல்லியிருக்கீங்க."

ஆஸ்மண்ட் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. பழி போட ஆள் இருக்கும்போது எதற்குத் தயங்கணும்?

"நான் எழுதலை மேடம்! இவதான். ஆறு வருஷமா எல்லாத்தையும் இவதான் எழுதறா. நான் கையெழுத்து மட்டும்தான்!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவர் காதிலேயே விழுந்தது.

மேடம் நாற்காலியைத் திருப்பினார். லாய்ஃபோங்கின் கோப்பையில் தானே டீ ஊற்றினார். "உன் பேரு என்னம்மா?"

"டாம் லாய்ஃபோங், மேடம்."

"இத்தனை வருஷமா யோசிச்சிருக்கேன். பேச்சுல இவ்வளவு மக்கா இருக்கிற மனுஷன் எழுத்துல மட்டும் எப்படிப் புத்திசாலியா இருக்கான்னு." கையெழுத்துக்கு வைத்திருந்த பேப்பரை மடித்துப் பைக்குள் போட்டார். "ஆஸ்மண்ட், அடுத்த வெள்ளி பட்டியல் இந்தப் பொண்ணு பேர்ல வரணும். வரலைன்னா என் குடும்பப் பணம் மொத்தமும் வேற ஆபீஸுக்குப் போகும். இப்போ சாப்பிடுங்க. இது நிஜமான இறால்."

லாய்ஃபோங் இரண்டு விரலால் மேஜையைத் தட்டினாள்.

அடுத்த வெள்ளி. மெஷினைப் பற்றி யாரும் பேச்செடுக்கவில்லை. ஃபைல் ரூமைப் பற்றியும். ஏழாவது அறிக்கையை இன்னொரு தடவை சரிபார்த்ததில் லாய்ஃபோங்குக்கு நேரமாகிவிட்டது. தன் பெயரைக் கடைசியில் அடித்து, அனுப்பும் பட்டனை அழுத்தப் போனபோது மணி பதினொன்று இருபது.

மின்னஞ்சல் பெட்டியில் மூன்று பாராட்டுகள் ஏற்கெனவே வந்து கிடந்தன. வில்ஃப்ரெட்: "முழுவதும் படித்தேன். அருமை." சோய்: "கிராஃப்கள் பிரமாதம்." ஆஸ்மண்ட்: "இருமுறை படித்தேன்."

மூன்றும் பதினோரு மணி ஒரு நிமிடத்துக்கு வந்தவை.