கொதிக்கவைத்த பஞ்சு

மீனே இல்லாத தொட்டிக்கு இருபத்தெட்டு நாள் காவல் இருந்த மனுஷனை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? அவள் பார்த்தாள். அந்த மனுஷன் அவளுடைய கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு கட்டடத்துக்குப் பழுது பார்க்கப் போன இடத்தில், கீழ்த்தளத்து மீன் கடையில் ஒரு ஃபைட்டர் மீனைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். மறுநாளே இருபது லிட்டர் கண்ணாடித் தொட்டி, ஏர் மோட்டார், கறுப்புப் பஞ்சு வைத்த ஃபில்டர் எல்லாம் கூடத்துக்கு வந்து சேர்ந்தன. மீன் மட்டும் வரவில்லை.

"மீன் எங்கங்க?" என்று கேட்டாள்.

"இப்ப விடக் கூடாதாம். கடைக்காரம்மா சொன்னாங்க. முதல்ல தண்ணி பழகணுமாம். தினம் ஒரு சிட்டிகை தீனி போட்டு அழுகவிட்டா அந்தப் பஞ்சுல நல்ல கிருமி வளருமாம். மீனோட கழிவை அதுங்கதான் தின்னு தீர்க்குமாம். அப்புறம்தான் மீனு."

பதினொரு மாதத்தில் அவர் வாயிலிருந்து ஒரே மூச்சில் இத்தனை வார்த்தைகள் வந்தது அன்றுதான். அவள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். படவில்லை. துக்கமும் படவில்லை. காதில் விழுந்தது, அவ்வளவுதான். வேறு எதுவும் உள்ளே போகாத காலம் அது. சாப்பிட்டால் வயிறு நிறைந்தது, படுத்தால் விடிந்தது.

நல்ல கிருமி என்ற சொல் மட்டும் கொஞ்சம் உறுத்தியது. அவளுக்கு ஆஸ்பத்திரியில் வேலை. ஆபரேஷன் கத்தி, கத்தரி, இடுக்கியெல்லாம் அவள் அறைக்குத்தான் வரும். ஊறவைத்து, தேய்த்து, துணியில் கட்டி, நீராவிப் பெட்டியில் அடுக்குவாள். வெளியே எடுத்ததும் கட்டின் மேல் ஒட்டிய பட்டையில் கறுப்புக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்ப்பாள். விழுந்தால் கிருமி செத்தது என்று அர்த்தம், விழாவிட்டால் மறுபடி உள்ளே. சுத்தம் சோறு போடும் என்பார்கள். அவளுக்குப் பத்தொன்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருந்தது. கூட வேலை பார்ப்பவர்கள் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் வெந்நீர். "வெந்நீர் வந்தாச்சா, கையைக் கழுவிட்டீங்களா எல்லாரும்?" என்று கலாய்ப்பார்கள். மகள் போன பிறகு யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.

மகளுக்குப் பதினேழு வயது. காய்ச்சல். முதல் நாள் சாயங்காலமே அவர் வண்டிச் சாவியைக் கையில் எடுத்துவிட்டார். அவள்தான் தடுத்தாள். "ஆஸ்பத்திரி எப்படிப்பட்ட இடம்னு எனக்குத்தாங்க தெரியும். ஒரு காய்ச்சலோட போனா ஒம்பது கிருமியோட வரணும். நாளைக்குப் பார்க்கலாம்" என்றாள். மறுநாள் காலை மகளுக்கு நினைவில்லை. மூன்றாம் நாள் மகளே இல்லை.

"ஏன் நேத்தே கூட்டிட்டு வரல?" என்று டாக்டர் கேட்டபோது அவள் வாயைத் திறப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "நான்தான் டாக்டர், நாளைக்குப் பார்க்கலாம்னு சொல்லிட்டேன்."

பக்கத்தில் அவருடைய அக்கா நின்றிருந்தாள். போதாதா? பழி ஓரிடம், பாவம் ஓரிடம். டாக்டர் ஒரு தடவை கேட்டதை நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்து கேட்டாள். "அன்னிக்கே தூக்கிட்டு ஓடியிருந்தா புள்ள இருந்திருக்கும்டா." அவர் தலையைக் குனிந்துகொள்வார். அப்படியே குனிந்து குனிந்து பேச்சும் நின்றுபோயிற்று. அவள் உண்மையைச் சொல்லியிருக்கலாம். முதல் வாரம் சொல்லவில்லை. முதல் வாரம் சொல்லாததை ஆறாம் மாதம் எப்படிச் சொல்வது?

இருபத்தொன்பதாம் நாள் மீன் வந்தது. நீலம், வால் மட்டும் சிவப்பு. பையோடு தண்ணீரில் அரைமணி நேரம் மிதக்கவிட்டு, தொட்டித் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் ஊற்றி, அதற்கப்புறம்தான் மீனை விட்டார். சண்டை மீன் ஒண்டிக்கட்டையாகத்தான் இருக்குமாம். சொந்த நிழலைக் கண்ணாடியில் பார்த்தாலே செவுளை விரித்துக்கொண்டு சண்டைக்குப் போனது.

"என்னய்யா, யாரை முறைக்கிற?" என்று அவர் அதனிடம் கேட்டார். மறுநாள், "சாப்பிட்டியா?" என்றார். நான்காம் நாள் அவளிடம் திரும்பி, "பாரேன், என்னைக் கண்டா முன்னாடி ஓடி வருது" என்றார்.

இந்த மீன் செத்தால் இவர் மறுபடி ஊமையாகிவிடுவார் என்று அவளுக்குத் தோன்றியது. பயம் என்று சொல்ல முடியாது. பயப்படும் இடமும் மரத்துத்தான் இருந்தது. ஆனால் தோன்றிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் பஞ்சின் மேல் கண் போனது. வழவழவென்று பழுப்பாக ஏதோ படிந்திருந்தது. அதில் என்ன கிருமி இல்லை?

அவளுக்கு விடுப்பு, அவருக்கு வேலை என்று ஒரு நாள் அமைந்தது. பஞ்சைக் கழற்றிப் பிழிந்தாள். டீ டிக்காஷன் மாதிரி தண்ணீர் வந்தது. பாத்திரத்தில் போட்டு இருபது நிமிஷம் கொதிக்கவைத்தாள். தண்ணீரை மாற்றி இன்னொரு இருபது நிமிஷம். ஆறியதும் மாட்டினாள். மீனை ஒரு கிண்ணத்தில் எடுத்து வைத்து, தொட்டித் தண்ணீர் முழுவதையும் இறைத்துவிட்டு, குளோரினை முறிக்கும் சொட்டு மருந்தை மறக்காமல் கலந்து புதுத் தண்ணீர் நிரப்பி, மீனை மறுபடி விட்டாள். தொட்டி பளபளவென்று இருந்தது. மனதில் கறுப்புக் கோடு போட்டுக்கொண்டாள்.

அதிலிருந்து நான்காம் நாள் மீன் தீனியைத் திரும்பிப் பார்க்கவில்லை. துடுப்பையெல்லாம் உடம்போடு ஒட்டவைத்துக்கொண்டு, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. அவர் சின்னக் குழாயில் தண்ணீர் எடுத்துச் சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தார். மஞ்சளாக இருக்க வேண்டியது பச்சையாகிவிட்டது. கடைக்காரம்மாவுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் எல்லாம் கேட்டது.

"மீனோட கழிவே அதுக்கு விஷமாயிட்டிருக்கு சார். தின்னு தீர்க்கிற கிருமி செத்துடுச்சுன்னு அர்த்தம். பஞ்சை எதாவது பண்ணீங்களா?"

"இல்லம்மா, நான் தொடவேயில்ல."

"அப்ப தீனி அதிகமாயிருக்கும். தினம் பாதித் தண்ணி மாத்துங்க. பிழைச்சாலும் பிழைக்கும்."

அவர் போனை வைத்துவிட்டு, "நான்தான் ஆசையில அள்ளி அள்ளிப் போட்டுட்டேன்" என்றார். துணி மடித்துக்கொண்டிருந்த அவள் அடுத்த துணியை எடுத்து மடித்தாள். நாக்கு நுனி வரை வந்தது, அங்கேயே நின்றுவிட்டது. பழக்கதோஷம்.

அதன் பிறகு அவர் பேசவில்லை. தினமும் வாளியில் பாதித் தண்ணீரை இறைத்தார், பாதியை ஊற்றினார். மீன் பிழைக்கவுமில்லை, சாகவுமில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். செருப்பைக் கழற்றும்போதே தொட்டியைப் பார்த்துவிட்டாள்.

"இது என்னடா, செத்துக்கிட்டிருக்கா?"

"உடம்பு சரியில்லக்கா."

"உன் கையில எதுதான்டா தங்கும்? பார்த்துக்கிட்டே இருந்து கோட்டை விடுறதே உனக்கு வேலையாப் போச்சு. அன்னிக்கும் அப்படித்தானே?"

"ஆமாக்கா" என்றார் அவர்.

கோபமாகச் சொல்லியிருந்தால் அவள் தாங்கியிருப்பாள். அழுதுகொண்டு சொல்லியிருந்தாலும் சரி. மணி என்ன என்று கேட்டவருக்குப் பதில் சொல்வது போலச் சொன்னார்.

"பஞ்சைக் கொதிக்கவெச்சது நான்" என்றாள்.

நாத்தனார் திரும்பினாள். "எந்தப் பஞ்சு?"

"மீன் தொட்டிப் பஞ்சு. அழுக்குன்னு நினைச்சு நாப்பது நிமிஷம் கொதிக்கவெச்சேன். அதுலதான் கிருமி செத்துச்சு. அவர் ஒண்ணும் பண்ணல." டியூட்டி மாறும்போது அடுத்தவளிடம் ஒப்படைப்பது போலத்தான் சொன்னாள். "இன்னொண்ணு அண்ணி. நாளைக்குப் பார்க்கலாம்னு சொன்னதும் நான்தான். உங்க தம்பி சாவியைக் கையில எடுத்துட்டார். நான்தான் விடல."

நாத்தனார் பக்கத்திலிருந்த நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள்.

அவர்தான் கத்தினார். "உன்னை யாரு சொல்லச் சொன்னா? நான் ஒருத்தன் வாங்கிக்கிட்டுப் போறேன்னுதானே இருந்தேன்?"

"உங்களை யாரு வாங்கச் சொன்னா?" என்று அவளும் கத்தினாள். "என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நீங்க வாங்கிக்கிட்டீங்க, சரி. நான் எங்கேங்க போறது?"

நாத்தனார் காபிகூடக் குடிக்கவில்லை. போகும்போது தம்பியின் தோளைத் தொட்டாள்.

கதவைச் சாத்திவிட்டு அவர் அங்கிருந்தே கேட்டார்.

"அன்னிக்கு நான் மாத்திரை வாங்கக் கடைக்குப் போனேனே, அப்ப அவ எதாவது கேட்டாளா?"

ஒரு வருஷத்துக்கு மேலாக அவர் கேட்காத கேள்வி. கேட்டால் அவளுக்கு வலிக்கும் என்று கேட்காமலே இருந்திருக்கிறார்.

"கேட்டா" என்றாள். "அப்பா ஏம்மா சாவியை எடுத்தாருன்னு கேட்டா. டாக்டர்கிட்ட போகத்தான், ஆனா நாளைக்குப் போய்க்கலாம்டின்னேன்."

"அதுக்கு என்ன சொன்னா?"

"சரிம்மான்னா."

அந்த ஒரு வார்த்தையைச் சொன்னதும் அவளுக்கு வலித்தது. மகள் போன நாளிலிருந்து முதல் தடவையாக, நெஞ்சுக்கூட்டுக்குள் கையை விட்டுப் பிசைவது போல வலித்தது. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதாள். அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். "இன்னொரு தடவை சொல்லு, எப்படிச் சொன்னா?" என்று கேட்டார்.