மஞ்சளாகப் போன பச்சை ஆப்பிள்

பழக்கடைக்காரருக்கு நாக்கு இருந்தது பேசுவதற்கு மட்டும். ருசி பார்ப்பதெல்லாம் மனைவியின் வேலை. எந்தப் பழத்தைக் கொடுத்துக் கேட்டாலும் மனிதர் ‘நல்லாயிருக்கு’ என்பார், மிஞ்சிப் போனால் ‘புளிக்குது’ என்பார். அத்தோடு சரி.

கடைக்காரம்மாவோ ஒரு துண்டை வாயில் போட்டால் போதும், அந்தப் பழத்தின் ஜாதகத்தையே சொல்லிவிடுவாள். “ஆப்பிள்ல காலா ரகம் குழந்தைங்களுக்குக் கொடுங்க, தோல் மெல்லிசு. ஃபியூஜி சும்மா கடிச்சுத் திங்க. கோல்டன் தேன் மாதிரி, வேக வெச்சு மசிச்சா சர்க்கரையே வேண்டாம். அதோ செக்கச்செவேல்னு இருக்கே, அது பாக்கத்தான் லட்சணம், உள்ளே வெறும் மாவு. விருந்தாளி வந்தா தட்டுல அடுக்கி வெச்சுக்குங்க!” அந்தப் பேச்சைக் கேட்கவே கடைக்கு ஆள் வந்தது.

அவளுக்குத்தான் அந்தப் பாழாய்ப்போன காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனது, போகிற போக்கில் வாசனையையும் ருசியையும் வாரிச் சுருட்டிக்கொண்டு போய்விட்டது. “திரும்பி வரலாம், வராமலும் போகலாம்” என்றார் டாக்டர். இதைச் சொல்ல ஒரு டாக்டர் வேண்டுமா?

வாடிக்கையாளர்களிடம் அவள் மூச்சு விடவில்லை. பழைய ஞாபகத்தை வைத்தே ஒப்பேற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் துண்டு வாய்க்குள் போகும்போது அவள் முகம் சும்மா கிடந்தது. முன்பெல்லாம் கண்ணை மூடி, ‘ஆ...’ என்று புருவத்தைத் தூக்குவாள். அந்த ஒரு கணத்துக்காகக் கடைக்காரர் ஏங்கிப் போனார். கட்டிய நாளிலிருந்து அதைப் பார்த்துத்தான் அவருக்கே பழம் ருசித்தது.

அதனால் தினமும் கடை திறக்குமுன் ஷட்டரைப் பாதி தூக்கிவிட்டு, ஒரு பழத்தை நறுக்கி நீட்டுவார். அவள் கண்ணை மூடி வாங்கிக்கொள்வாள். மனிதருக்குப் பொறுமை ஏது? பெயரையும் சேர்த்தே சொல்லித் தொலைப்பார். “இது காலா. தெரியுதா?”

போன வாரம் அவள், “லேசா இனிப்பு தெரியுதுங்க” என்றாள். அவ்வளவுதான், அவருக்குத் தலைகால் புரியவில்லை. “உங்கம்மாவுக்கு நாக்கு வந்துடுச்சு!” என்று மகளுக்குப் போன் போட்டுக் கத்தினார். அதன்பின் அவள் நாளுக்கு நாள் கூட்டிச் சொன்னாள், அவரும் நாளுக்கு நாள் பூரித்தார்.

இன்று காலை குளிர்பதனக் கிடங்கிலிருந்து வந்த பெட்டிகளை அவர்தான் பிரித்தார். ஒரு பெட்டி முழுக்க மஞ்சள் பழம். மேலே ஒட்டியிருந்ததைப் படிக்காமல் கோல்டன் என்று முடிவு கட்டிவிட்டார். பச்சை ஆப்பிள் மரத்தில் கூடுதலாக நின்றால் மஞ்சள் தட்டிப்போகும், ஆனால் புளிப்பு போகாது. அவள் ஒரு பார்வை பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பாள். அவளோ கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

“இது கோல்டன்” என்று நீட்டினார்.

மென்றாள். புருவத்தைத் தூக்கினாள். “தேனேதாங்க! தொண்டை வரைக்கும் இனிக்குது.”

சந்தோஷம் தாங்காமல் அவரும் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டார். அடேயப்பா! காது வரைக்கும் கூசியது.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் முகம் போன கோணலைப் பார்த்தாள், கையிலிருந்த பழத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது.

“ஏன் பொய் சொன்னே?” என்று கத்தினார் கடைக்காரர். “மககிட்ட வேற சொல்லிக் குதிச்சேனே!”

“வேற என்னதான் பண்றது? தினமும் என் வாயையே பாத்துட்டு நிக்கிறீங்க. இல்லைன்னு சொன்னா அன்னிக்கெல்லாம் நீங்க சரியா சாப்பிடறதில்லே.” அவள் குரல் உடைந்தது. “எனக்கு ஒண்ணுமே தெரியலங்க. ஈரமா ஏதோ நொறுங்குது, அவ்வளவுதான். ஒரே ஒரு தடவை புளிக்காதான்னு ஏங்கிட்டு இருக்கேன்.”

அந்த நேரம் பார்த்தா ஷட்டருக்கடியில் குனிந்து வர வேண்டும் பேக்கரிக்காரர்! “ஆப்பிள் பை சுடறதுக்குப் பழம் வேணும்மா. போன தடவை வேற கடையில வாங்கி, அடுப்புல வெச்சதும் கூழாப் போச்சு. நீங்களே தின்னு பாத்துக் கொடுங்க.”

கடைக்காரம்மா கணவரை முன்னால் இழுத்து நிறுத்தினாள். பிறகு, “எனக்கு நாக்கு செத்துப் போச்சுங்க. இவர் சொல்லுவார்” என்றாள்.

கடைக்காரர் முழித்தார். வேறு வழியில்லாமல் இன்னொரு துண்டைக் கடித்து, “புளிக்குது” என்றார்.

“எப்படிப் புளிக்குது?” என்று கேட்டது பேக்கரிக்காரர் இல்லை, அவள்.

“கடிச்ச உடனே நாக்கு ஓரத்துல சுருக்குனு பிடிக்குது. தாடை கூசுது. அப்புறம்... இரு, இரு... போகப்போக அடியில ஒரு துளி இனிப்பு எட்டிப் பாக்குது. சதை நல்ல கெட்டி, கரைய மாட்டேங்குது.”

“அப்போ அடுப்புல குலையாது. சர்க்கரையைக் கொஞ்சம் தாராளமா போட்டுக்குங்க” என்று பேக்கரிக்காரரிடம் சொன்னாள், கணவர் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமலே. பேக்கரிக்காரர் பழத்தை வாங்கிக்கொண்டு கிளம்பினார்.

“இன்னொரு துண்டு சாப்பிட்டுச் சொல்லுங்க” என்றாள் அவள்.

ஏற்கெனவே பல் கூசிக் கிடந்தது. இருந்தாலும் பெரிய துண்டாகவே வெட்டினார். முகத்தை அஷ்டகோணலாக்கிக்கொண்டு மென்று, நிறுத்தி நிறுத்திச் சொன்னார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே அவள் எச்சில் விழுங்குவதைப் பார்த்துவிட்டார்.

“தெரியுதா?”

“ருசி வரலங்க. இனிமே பொய் சொல்ல மாட்டேன்.” உதட்டோரத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். “ஆனா வாய் ஊறுது. நிறுத்தாதீங்க, சொல்லுங்க.”