வால் கனத்த குஞ்சுகள்

தையல்காரர் தன் சிவப்பு ஃபைட்டர் மீன்களில் அகலமான வால் உள்ள இரண்டை ஜோடி சேர்த்தார். குஞ்சுகளுக்கு வால் இன்னும் அகலமாக வரும் என்பது அவர் நினைப்பு. அப்படியே வந்தது. ஆனால் ஒன்பது குஞ்சுகள் கரிக்கட்டையாகக் கறுத்திருந்தன.

“இதெல்லாம் யாரை உரிச்சு வச்சிருக்கு?” என்று மனைவி சிரித்தாள்.

அந்த ஒன்பதையும் ஆசையாகத் தனித்தனி ஜாடியில் விட்டார். ஃபைட்டர் மீன்கள் அடிக்கடி தண்ணீருக்கு மேலே வந்து காற்றுக் குடிக்க வேண்டும்; வால் வளர வளர, அதன் கனத்தால் மேலே வர முடியாமல் அவை பாதியிலேயே சரிந்தன. ஒருநாள் மனைவி பதறிக் கூப்பிட்டாள்.

“என்னங்க, இது தன் வாலையே கடிக்குது!”

கறுப்புக் குஞ்சு வளைந்து வாலைக் கவ்வி, ஒரு துண்டைப் பிய்த்துத் துப்பியது. பிறகு சுலபமாக மேலே வந்து மூச்சு விட்டது.

மேலே வரும் தூரம் குறையட்டும் என்று அவர் அவசரமாக எல்லா ஜாடியிலும் தண்ணீரைக் குறைத்தார். மறுநாள் காலை ஒன்பது ஜாடியிலும் கறுப்பு வால் கிழிசல்கள் மிதந்தன.