டீச்சர் வீட்டுக் கலர்

சுப்புலட்சுமி செல்போனை முந்தானையில் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தாள். துடைத்தால் படம் வந்துவிடும் என்றில்லை. கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. ஸ்டேட்டஸ் வரிசையில் எதிர்வீட்டுக் கற்பகம் இருந்தாள், அம்மன் படத்தோடு. பால்கார சங்கிலிமுத்து இருந்தான், புதிதாக வாங்கிய மாட்டோடு. ஜெனிட்டாவை மட்டும் காணவில்லை. ஒரு வாரமாகவே காணவில்லை.

ஜெனிட்டா பக்கத்து வீட்டு ஞானதீபம் டீச்சரின் ஒரே மகள். மேல்படிப்புக்கு செக் நாட்டுக்குப் போயிருக்கிறாள். முதலில் கேட்டபோது, "செக்குன்னா பேங்குல குடுப்பாகளே, அதுவா?" என்றவள்தான் சுப்புலட்சுமி. இப்போது திருத்தங்கலில் அந்த நாட்டைப் பற்றி அவளிடம்தான் கேட்க வேண்டும். இந்தப் பக்கம் இருக்கன்குடி, அந்தப் பக்கம் குற்றாலம், அதைத் தாண்டி ஒரு அடி வைத்ததில்லை. ஆனால் ஆற்றுப்பாலத்தில் எந்தச் சிலையைத் தொட்டுக் கும்பிடுகிறார்கள், உருளையில் மாவைச் சுற்றி நெருப்பில் வாட்டிச் சீனியில் புரட்டும் ரொட்டியை எந்தச் சந்தில் விற்கிறார்கள் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. அச்சாபீசிலிருந்து வரும் காலண்டர் அட்டைகளுக்குத் தாள்கட்டு ஒட்டிக்கொண்டே தெருவுக்குச் சொல்வாள்: "இன்னைக்குப் பாலத்துல கூட்டமில்ல. மழை போல." ஒருமுறை ரொட்டியைப் பார்த்துவிட்டு, உள்ளே என்ன வைத்திருக்கிறது என்று கேட்டு அனுப்பினாள். "ஒண்ணுமில்ல அத்த, காத்துதான். நீங்க வாங்க, வாங்கித் தாரேன்" என்று குரலிலேயே பதில் வந்தது. அதைத் தெருவில் கேட்காத காது பாக்கியில்லை.

எல்லாம் அந்தக் கிளாஸ் படம் வரைக்கும்தான். கைப்பிடி வைத்த பெரிய கண்ணாடிக் கிளாஸ், உள்ளே கறுப்பாக என்னவோ, மேலே விரற்கடைக்கு நுரை. பக்கத்தில் ஜெனிட்டா பல்லைக் காட்டிக்கொண்டு. அன்று சாயங்காலம் டீச்சர் அடுப்படியில் வைத்துச் சிரித்தபடி சொன்னாள், "அங்கன ஓட்டல்ல தண்ணியவிட பீரு வெல கம்மியாம் சுப்பு." படம் தனியாக நல்ல படம், பேச்சு தனியாக நல்ல பேச்சு. இரண்டையும் சுப்புலட்சுமிதான் மறுநாள் பால் வாங்குகிற இடத்தில் கோத்தாள். அதுவும் குற்றமாக இல்லை, பரிந்துதான் பேசினாள். "தண்ணி வெல கூடன்னா பிள்ளைக என்ன செய்யும், பாவம்." அந்தப் பாவம் பஸ் ஏறிச் சாத்தூருக்குப் போய், ஜெனிட்டாவைக் கேட்டிருந்த மாப்பிள்ளை வீட்டில் இறங்கிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. இப்போது டீச்சர் போன் செய்தாலும் எடுப்பதில்லையாம். இதையும் சுப்புலட்சுமிக்கு டீச்சர் சொல்லவில்லை, சங்கிலிமுத்து சொன்னான்.

பிள்ளைக்குப் பரீட்சையாக இருக்கும், அதனால் படம் போடவில்லை என்று ஒரு மனம் சொன்னது. உனக்கு மட்டும் மறைத்திருப்பாள் என்று இன்னொரு மனம். பசை காய்ந்தது. எழுந்து கருவேப்பிலை கேட்கிற சாக்கில் கற்பகம் வீட்டுக்குப் போனாள்.

"ஜெனிட்டா படம் பாத்தியாக்கா?" என்றாள் கற்பகம், கேட்காமலே. "இன்னைக்கும் போட்டிருக்கா."

"பாத்தேன், பாத்தேன். அந்தக் கோட்டைதான?"

கற்பகம் செல்போனைத் திருப்பிக் காட்டினாள். ஒரு கிண்ணம், ஆவி பறந்தது.

"கோட்டையா? சூப்புல்லா போட்டிருக்கா."

"கோட்டைக்குப் பக்கத்துக் கடை சூப்புதான் அது" என்றாள் சுப்புலட்சுமி. கற்பகம் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை.

கருவேப்பிலையைக் கையில் வைத்துக்கொண்டே டீச்சர் வீட்டுக்கு நடந்தாள். எப்போதும் நுழைகிற கொல்லைக் கதவு உள்ளே தாழ் போட்டிருந்தது. பட்டப்பகலில் அந்தக் கதவு தாழிட்டு அவள் பார்த்ததில்லை. சுற்றிக்கொண்டு வாசலுக்கு வந்து, யார் வீட்டிலோ போல மணியை அமுக்கினாள்.

டீச்சர் கதவைத் திறந்தாள். "வாங்க."

'ஏட்டி சுப்பு'தான் இத்தனை வருஷமும்.

"உக்காருங்க. இந்தா வாரேன்."

பைபிள் வசனம் மாட்டியிருந்த முன்னறையில், உறை போட்ட சோபாவில் அவள் இதுவரை உட்கார்ந்ததில்லை. அவள் இடம் அடுப்படி மணைப்பலகை. டீச்சர் தட்டில் கிளாஸ் வைத்துக் கொண்டுவந்தாள். கலர். சோடாப் பாட்டிலை உடைத்து ஊற்றிய கறுப்புக் கலர், மேலே நுரை.

இந்த ஊரில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் கலர் கொடுப்பார்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவர்களுக்கும், இன்சூரன்ஸ்காரருக்கும் கலர்தான். கொல்லை வழியாக வருகிறவர்களுக்குச் சட்டியில் இருப்பது. இந்த வீட்டில் சுப்புலட்சுமி பழைய குழம்பு தின்றிருக்கிறாள், அடிப்பிடித்த பாயசம் தின்றிருக்கிறாள். கலர் குடித்ததில்லை.

"எனக்கு எதுக்கு டீச்சரு கலரு?"

"குடிங்க. வெயில்ல வந்திருக்கீக." டீச்சர் எதிரே நின்றாள், உட்காரவில்லை. "அங்கயும் இப்பிடித்தான் கறுப்பா ஒரு கலராம். பீரு கிளாசுலதான் ஊத்தித் தாராகளாம். நொரையும் வருமாம்."

அவ்வளவுதான் சொன்னாள். குரலில் கோபம் இருந்தால் பிடித்துக்கொண்டு சண்டை போடலாம், அழலாம். வகுப்பில் பாடம் சொல்கிற குரல் அது.

"டீச்சரு, நான் தப்பா ஒண்ணும்..." என்று சுப்புலட்சுமி ஆரம்பித்தபோது செல்போன் அடித்தது. டீச்சர் அதை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். மணைப்பலகையை இழுக்கிற சத்தம்.

"யாரும்மா வந்திருக்கா? பேச்சுச் சத்தம் கேக்கு?" ஸ்பீக்கரில் ஜெனிட்டாவின் குரல்.



"விருந்தாளி வந்திருக்காக" என்றாள் டீச்சர். "நீ சொல்லு. இன்னைக்கு எங்கன போன, என்ன சாப்பிட்ட?"

ஜெனிட்டா சொல்லத் தொடங்கினாள். ஏதோ மலை, ஏதோ ரயில், ஆட்டுப்பாலா மாட்டுப்பாலா என்று புரியாத ஏதோ பால்கட்டி. கையிலிருந்த கலர் புஸ்ஸென்று பொரிந்துகொண்டே இருந்தது. அந்த இரைச்சலில் பாதி காதில் விழவில்லை. சுப்புலட்சுமி கிளாஸைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, அடுப்படிப் பக்கம் கழுத்தை நீட்டி, நுரை அடங்கக் காத்திருந்தாள்.